கூட்டாண்மை நிறுவனப் பதிவு

கூட்டாண்மை நிறுவனப் பதிவு என்பது, இருவரோ அதற்கு மேற்பட்டோரோ இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்துடன் நடத்தும் தொழிலை அரசின் நிறுவனப் பதிவேட்டில் பதிவு செய்வதாகும். பேச்சுவழக்கில் இத்தகைய தொழிலைப் 'பார்ட்னர்ஷிப்' என்பர். பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம், மக்காச்சோள வணிகத்தையும், அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளைச் சார்ந்த லாரித் தொழிலையும் உறவினரும் நண்பரும் பணம் போட்டுச் சேர்ந்து நடத்துவதுண்டு. அவர்களுக்கு இப்பதிவு மிகவும் பயன்படக்கூடியது.

சட்டம் யாருடையது?

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி கம்பெனிகள் ஒன்றிய அரசின் பட்டியலிலும், கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. அதனால்தான் கம்பெனிகளுக்கு நாடு முழுவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், கூட்டுறவுக்குத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 என்ற மாநிலச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. கூட்டாண்மை பொதுப்பட்டியலில் வருகிறது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 நாடு முழுமைக்கும் உரியது. ஆனால் பதிவாளரை நியமிப்பதும் விதிகளை வகுப்பதும் மாநில அரசின் பொறுப்பு. தமிழ்நாட்டில் இப்பணியைப் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் கவனிக்கிறார். பதிவு மாவட்டத்தின் எல்லை எப்போதும் வருவாய் மாவட்டத்தின் எல்லையோடு ஒத்திருப்பதில்லை. ஆகவே தமது ஊர் எந்த அலுவலகத்திற்கு உட்பட்டது என்பதை முதலில் கேட்டறிவது நல்லது.

பதிவு செய்யாவிட்டால்

பதிவு கட்டாயமன்று. பதியாத கூட்டாண்மையும் சட்டப்படி செல்லும். அதற்குத் தண்டனையோ அபராதமோ இல்லை. சிக்கல் 69ஆம் பிரிவில்தான் இருக்கிறது. பதியப்படாத நிறுவனம், தன் ஒப்பந்தத்தால் எழும் உரிமைக்காக வெளியாள் மீது வழக்குத் தொடர முடியாது.

எடுத்துக்காட்டாக, செட்டிகுளத்தில் இருவர் கூட்டாகச் சின்ன வெங்காயம் வாங்கிச் சென்னை வணிகர் ஒருவருக்குக் கடனில் அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். அவர் 4 இலட்சம் ரூபாய் தராமல் நிறுத்திவிட்டால், பதிவில்லாத இந்நிறுவனம் அத்தொகைக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட இயலாது. ஆனால் அதே நிறுவனம் சாக்கு வாங்கிய கடைக்குப் பணம் தரவில்லை என்றால், கடைக்காரர் தாராளமாக வழக்குப் போடலாம். கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். கூட்டாளிகளுக்குள் இலாபப் பங்கில் தகராறு வந்தாலும், ஒருவர் மற்றவர் மீது ஒப்பந்தப்படி வழக்கிட முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைத் தீர்க்கவும் வழக்கிடுவதற்கு மட்டும் தடையில்லை. இந்த விலக்கையும் பறிக்கும் வகையில் மகாராட்டிர மாநிலம் 1984இல் கொண்டுவந்த திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2009இல் செல்லாது என அறிவித்தது.

வழக்குத் தொடர்ந்த பின் ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்த வழக்குப் பிழைக்காது. பதிந்துவிட்டுப் புதிதாக வழக்கிட வேண்டும். சரக்கு விலைக்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள்; அது கடந்திருந்தால் அவ்வழியும் அடைபட்டுவிடும்.

'எங்களிடம் ஜிஎஸ்டி எண் இருக்கிறதே' என்று சொல்வோர் பலர். ஜிஎஸ்டி எண் வரிக்கானது. வங்கிக் கணக்கும் பான் அட்டையும் அப்படியே. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட கூட்டாண்மைப் பத்திரமும் நிறுவனப் பதிவு ஆகிவிடாது.

பதிவு செய்யும் முறை

58ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் பெயர், தலைமையிடம், கிளைகள், ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்த தேதி, அவர்களின் முழுப்பெயர், நிலையான முகவரி, கூட்டாண்மையின் காலம் ஆகியவற்றை விண்ணப்பத்தில் தர வேண்டும். எல்லாக் கூட்டாளிகளும், அல்லது இதற்கென அதிகாரம் பெற்ற அவர்களது முகவர்கள், அதில் கையெழுத்திட வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாற்றப்படுவதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள கட்டணத்தைப் பதிவுத்துறையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை பதிந்ததோடு வேலை முடிவதில்லை. தந்தை விலகி மகன் சேர்வது குடும்பத் தொழில்களில் இயல்பு. அந்த மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்காமல் விட்டுவிடுவதும் இயல்பாகவே நடக்கிறது. வழக்குத் தொடரும் நாளில் நிறுவனம் பதிவாகியிருப்பதுடன், வழக்கிடும் கூட்டாளிகளின் பெயர்களும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது 69ஆம் பிரிவின் நிபந்தனை. புதிய கூட்டாளிகளின் பெயர் பதிவேட்டில் ஏறாததால் ஸ்ரீராம் பைனான்ஸ் கார்ப்பரேசன் என்ற நிறுவனத்தின் வழக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது.