கம்பியில்லாக் காதொலிக் கருவியும் லினக்ஸ் கணினியும்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பதித்துப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பது சிக்கனமான ஏற்பாடாகும். இதன் மையப் பகுதியைப் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளை விலையின்றிப் பெறலாம்.

ஆனால், புளூடூத் ஹெட்செட்டை இணைக்கும்போது சிலருக்குக் குழப்பம் நேருகிறது. ஒலி வருவதில்லை, அல்லது இணைய வகுப்பு தொடங்கியதும் ஆசிரியரின் குரல் தகரக் குவளைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடுகிறது. கருவி பழுதென்று எண்ணி வேறொன்று வாங்க முற்படுகின்றனர். பொறுங்கள். பெரும்பாலும் கருவியில் பழுதில்லை.

டிரைவர் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மரத்தில் சீவிய பால் கோப்பைக்கும், பின் வாளிக்கும் செல்வதுபோல, ஒலியும் படிப்படியாகவே கடக்கிறது. கணினியின் புளூடூத் சில்லை லினக்ஸின் மையப் பகுதி இயக்குகிறது. இணைப்பைப் புளூசெட் என்னும் நிரல் கவனிக்கிறது. ஒலியைப் பைப்வயர் பகிர்ந்தளிக்கிறது. இவை மூன்றும் இன்றைய பதிப்புகளில் சேர்ந்தே வருகின்றன. ஆகவே, டிரைவர் என்று சொல்லி எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இணைக்கும் முறை

1. முதலில் கணினியின் மென்பொருள்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

2. கைப்பேசியின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லையேல் ஹெட்செட் பழக்கப்பட்ட கைப்பேசியையே நாடிச் செல்லும்.

3. ஹெட்செட்டின் பொத்தானை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள்.

4. கணினியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘புளூடூத்’ என்பதைத் திறந்து, ஹெட்செட்டின் பெயர் தோன்றியதும் அதனைத் தேர்ந்தெடுங்கள்.

5. ‘சவுண்ட்’ பகுதியில் ‘அவுட்புட்’ என்னுமிடத்தில் அதே பெயரைத் தேர்ந்தெடுங்கள். இணைந்தும் ஒலி வராமைக்கு இதனை மறப்பதே பெரும்பாலும் காரணமாகும்.

புளூடூத் வசதியே இல்லாத பழைய கணினியாயின், யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டர் தேவைப்படும்.

குரல் மங்குவது ஏன்?

புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று இசை கேட்கும் முறை. இதில் ஒலி ஒரு திசையில் மட்டுமே செல்வதால் தெளிவு மிகுதி. பொதுவாக நொடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை ஒலி அளக்கப்படுகிறது. மற்றது பேசும் முறை. ஹெட்செட்டின் ஒலிவாங்கியைப் பயன்படுத்தியவுடன் ஒலி இரு திசையிலும் செல்ல வேண்டியிருக்கிறது. அப்பொழுது இவ்வளவு 8,000 அல்லது 16,000 ஆகக் குறைகிறது. குரல் மங்குவது இதனாலேயே.

இதற்கு எளிய வழியுண்டு. ‘சவுண்ட்’ பகுதியின் ‘இன்புட்’ என்னுமிடத்தில் மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுங்கள். ‘கான்ஃபிகரேஷன்’ என்னுமிடத்தில் ‘ஹை ஃபிடிலிட்டி பிளேபேக்’ என்பதை வையுங்கள். இனி ஆசிரியரின் குரல் ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்கும்; பிள்ளையின் குரலைக் கணினியே வாங்கி அனுப்பும். வீட்டில் சத்தம் மிகுந்திருந்தால் மட்டும் ஹெட்செட்டின் ஒலிவாங்கிக்கு மாறிக்கொள்ளலாம்.

ஃபெடோரா 2021ஆம் ஆண்டிலும், உபுண்டு 2022ஆம் ஆண்டின் இறுதிப் பதிப்பிலும் பைப்வயருக்கு மாறின. அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்போர் புதியதற்கு மாறினால், பேசும் முறையிலும் குரல் தெளிவடையக்கூடும். அதற்கும் செலவில்லை.

பெற்றோர்களே, வகுப்பு நாளன்று காலையில் அவசரப்படாமல், முதல் நாள் மாலையிலேயே பிள்ளையுடன் அமர்ந்து இதனைச் செய்து பாருங்கள். ஆசிரியர் சொல்வது ஒரு சொல்லும் விடாமல் பிள்ளையின் செவிக்கு எட்டும். உழைத்துச் சேர்த்த பணமும் வீணாகாது.