குளிர்ந்த வீடும் நோயாளியின் மூச்சும்: நியூசிலாந்தின் ஹீட் பம்ப் மானியம்

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இன்ஹேலர் இருக்கும், மாத்திரை இருக்கும், மீண்டும் வர வேண்டிய நாள் இருக்கும். வீட்டுக் கூரையின் உட்புறத்தில் வெப்பக்காப்புப் பஞ்சு விரிக்க வேண்டும் என்றோ, கூடத்துச் சுவரில் வெப்பமூட்டும் இயந்திரம் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்றோ எவரும் எழுதுவதில்லை. ஆயினும், குளிர்ந்த வீட்டை நோயின் காரணிகளுள் ஒன்றாகவே கருதி, வருவாய் குறைந்த வீட்டு உரிமையாளர்களுக்கு அரசே அவ்வியந்திரத்தின் பெரும்பகுதி விலையைக் கொடுக்கும் நாடு ஒன்று உண்டு. அது நியூசிலாந்து. மூச்சு நோயோடு வாழ்வோரும் அவர்களைக் கவனித்து வருவோரும் அந்நாட்டின் அனுபவத்தை அறிந்திருப்பது பயனுடையது.

அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். ஐரோப்பாவின் கடுங்குளிர் அங்கு இல்லை.  இந்த மிதமான குளிரே மக்களை ஏமாற்றிவிட்டது என்று சொல்லலாம். மரச்சட்டங்களால் ஆன வீடுகளை மெல்லிய சுவர்களுடன் கட்டினார்கள். புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு கட்டாயம் என்ற விதி 1978-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுந்த இலட்சக்கணக்கான வீடுகளில் படுக்கையறைச் சுவர் இரவில் வியர்க்கும், மூலைகளில் கரும்பூஞ்சை படரும், குழந்தைகள் இருமுவார்கள். வீட்டுக்குள் வெப்பநிலை 18 பாகைக்குக் குறையாதிருத்தல் நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதற்கும் கீழே இறங்கும் வீடுகளில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயர்கிறது. மூச்சுக்குழாய்கள் எளிதில் தூண்டப்படுகின்றன. ஆண்டின் பிற மாதங்களை ஒப்பிட, குளிர்காலத்தில் ஏறத்தாழ 1,600 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று அந்நாட்டு ஆய்வொன்று கணித்தது.

வீட்டைத் திருத்தினால் நோய் குறையுமா? இந்த வினாவை ஊகத்துக்கு விட்டுவிடாமல், மருந்துகளைச் சோதிப்பது போலவே சோதித்தார் ஒட்டாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப்பா ஹவுடன்-சாப்மன். வருவாய் குறைந்த ஏழு வட்டாரங்களில், மூச்சு நோய்க் குறியுள்ள ஒருவரேனும் வாழும் 1,350 வீடுகளை அவரது குழு தேர்ந்தெடுத்தது. குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு உடனே வெப்பக்காப்பு அமைக்கப்பட்டது. மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பின் அமைக்கப்பட்டது. (ஒப்பீட்டுக்காகக் காத்திருந்தவர்களையும் கைவிடாத இந்த ஏற்பாடு குறிப்பிடத்தக்கது.) 2007-இல் வெளியான முடிவின்படி, படுக்கையறையின் வெப்பநிலை சராசரியாக அரைப் பாகையே உயர்ந்தது. அந்த அரைப் பாகைக்கும் சற்றுக் குறைந்த ஈரத்துக்கும் கிடைத்த பலன் பெரிது: இழுப்பு குறைந்தது, குழந்தைகள் பள்ளிக்கு மட்டம் போடுவதும் பெரியவர்கள் வேலைக்குப் போகாமல் இருப்பதும் குறைந்தன.

அடுத்த ஆய்வு வெப்பமூட்டியைப் பற்றியது. ஆஸ்துமா உள்ள, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட 409 குழந்தைகளின் வீடுகள் அதில் இடம்பெற்றன. அவ்வீடுகளில் முன்பு இருந்தவை சிறு மின் ஹீட்டரோ, புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரோதான். கடைசியாகச் சொன்னது மிகத் தீயது: எரியும்போதே நீராவியையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் அறைக்குள் விடுகிறது. சூடு கிடைக்கும், அதே மூச்சில் ஈரமும் நச்சும் சேரும். இவற்றுக்கு மாற்றாக ஹீட் பம்ப் முதலிய தூய வெப்பமூட்டிகள் பொருத்தப்பட்டன. 2008-இல் வெளியான முடிவைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். நுரையீரல் திறனை அளக்கும் கருவியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் இரவு இருமல் குறைந்தது. இழுப்பால் உறக்கம் கெடுவது குறைந்தது. ஒவ்வொரு குழந்தையும் சராசரியாக ஏறத்தாழ இரண்டு நாள் கூடுதலாகப் பள்ளிக்குச் சென்றது. இரவு முழுவதும் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு விழித்திருந்த தாய்க்கு எந்த அளவீடு பெரிதென்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹீட் பம்ப் என்பது நாம் அறிந்த ஏ.சி. இயந்திரமே, திசை மட்டும் மாறியது. ஏ.சி. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே கொணர்கிறது. வெளியே ஐந்து பாகை குளிரிலும் காற்றில் வெப்பம் உண்டு; குளிரூட்டி வாயு அதனை ஈர்த்து, அழுத்தப்பட்டுச் சூடாகி, அறைக்குள் விடுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதற்கே செலவாவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. அறைக்குள் எதுவும் எரிவதில்லை. நம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கியோர் கார்பன் மோனாக்சைடால் உயிரிழக்கும் செய்தி இன்றும் வருகிறது. எரியாத வெப்பத்தின் அருமை அப்போது விளங்கும்.

நியூசிலாந்து அரசு 2009-இல் பெரிய அளவில் தொடங்கிய உதவி, 2018 முதல் ‘வார்மர் கிவி ஹோம்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தது. சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். வீடு 2008-க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும். குறைந்த வருவாயினருக்கான சமூக சேவை அட்டை வைத்திருக்க வேண்டும், அல்லது வருவாய் குறைந்த வட்டாரமாகக் கணிக்கப்பட்ட பகுதியில் வாழ வேண்டும். வெப்பக்காப்புச் செலவில் 80 முதல் 90 விழுக்காடு வரை அரசு ஏற்றது. ஹீட்டருக்கான மானியம் 2019-இல் தொடங்கியது; பின்னர் அது 3,000 டாலர் உச்சவரம்புடன் விலையில் 80 விழுக்காடாக உயர்ந்தது. பணம் பயனாளியின் கைக்கு வருவதில்லை. பொருத்தும் நிறுவனமே கழித்துக்கொண்டு மீதியை வாங்குகிறது. முன்பணம் திரட்ட இயலாத குடும்பத்துக்கு இதுவே பெரிய உதவி.

ஒரு நிபந்தனை மிகவும் அறிவார்ந்தது. கூரைக்கும் தரையின் அடிப்புறத்துக்கும் வெப்பக்காப்பு அமைத்த பின்னரே ஹீட் பம்புக்கு மானியம். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதால் என்ன பயன்? 2009-ஆம் ஆண்டுத் திட்டத்தை மதிப்பிட்ட பொருளியலாளர்களும் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஏறத்தாழ நான்கு டாலர் நன்மை கிடைத்தது என்றும், அது பெரும்பாலும் உடல்நல நன்மையே என்றும், அதிலும் வெப்பக்காப்பின் பங்கே மிகுதி என்றும் கண்டனர். ஹீட் பம்பை மட்டும் தனியே புகழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர். பிற்காலத் திட்டத்தில் ஹீட் பம்ப் பெற்ற வீடுகளை ஆராய்ந்தபோது, கூடத்தின் வெப்பநிலை சராசரியாக 1.1 பாகை உயர்ந்ததும், குளிர்கால மின் நுகர்வு குறைந்ததும் தெரியவந்தன.

குறைகளும் உண்டு. எஞ்சிய 20 விழுக்காட்டைக் கட்ட இயலாதவர் இருக்கிறார்கள். மின் கட்டணத்துக்கு அஞ்சி இயந்திரத்தை இயக்காமலேயே கம்பளிக்குள் முடங்கும் முதியோர் இருக்கிறார்கள்; சுவரில் தொங்கும் இயந்திரம் அவர்களுக்கு வெறும் அலங்காரமே. இதற்காக 2018 முதல் ஓய்வூதியரும் அரசு உதவித்தொகை பெறுவோரும் மே முதல் செப்டம்பர் இறுதி வரை ஆற்றல் படி பெறுகின்றனர்: தனியருக்கு மொத்தம் 450 டாலர், இணையருக்கு 700 டாலர். வாடகை வீட்டில் வாழ்வோருக்கு மானியம் இல்லை. மாறாக, கூடத்தை 18 பாகைக்குச் சூடாக்கவல்ல நிலையான ஹீட்டரை வீட்டு உரிமையாளரே அமைத்துத் தர வேண்டும் என்ற சட்ட விதி வந்து, 2025 ஜூலை முதல் எல்லா வாடகை வீடுகளுக்கும் கட்டாயமாயிற்று.

மருத்துவமனைகளுக்கும் இதில் பங்குண்டு. வாதக்காய்ச்சலால் இதய வால்வு கெட்ட குழந்தைகளின் வீடுகளைப் பார்த்தபோது, சூடான ஒரே அறையில் குடும்பம் முழுதும் நெருங்கி உறங்குவதும், தொண்டைத் தொற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுவதும் புலப்பட்டன. 2013-இல் தொடங்கிய நலமான இல்லத் திட்டத்தின் கீழ், மருத்துவமனை ஊழியர் அத்தகைய குடும்பத்தைப் பரிந்துரைத்தால், ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துத் திரைச்சீலை, படுக்கை, ஹீட்டர், வெப்பக்காப்பு ஆகியவற்றுள் எது தேவையோ அதற்கு வழிசெய்கிறார்.

பிள்ளைகளுடன் தங்க ஆக்லாந்துக்கோ கிறைஸ்ட்சர்ச்சுக்கோ புறப்படும் நம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: மூச்சு நோய் உடையவராயின், ஜூன் மாதப் பயணத்துக்கு முன்பே அறையில் ஹீட் பம்ப் உண்டா, புகைபோக்கியற்ற எரிவாயு ஹீட்டர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணியை அறைக்குள் உலர்த்த வேண்டாம். ஹீட் பம்பின் வடிகட்டியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கழற்றித் தூசி நீக்கச் சொல்லுங்கள். மறந்தால் அந்தத் தூசியையே அது உங்கள் மீது வீசும்.