எட்டுக் கிலோவின் கணக்கு

ஈரான் பெயர் செய்தியில் அடிபடும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் ஒரு கேள்வி வந்துவிடும். "அமெரிக்காக்காரன் ஆயிரக்கணக்குல வச்சிருக்கான், ரஷ்யாக்காரனும் வச்சிருக்கான். இன்னொருத்தன் அணுகுண்டு செஞ்சா மட்டும் ஏன் தப்பு? யாரு போட்ட சட்டம் இது?" நியாயமான கேள்வி. டீ வரட்டும், முதலிலிருந்தே பார்ப்போம்.

சட்டத்தின் பெயர் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1968-ல் கையெழுத்துக்கு வந்தது, 1970 மார்ச் 5-ல் அமலானது. 1967 ஜனவரி 1-க்கு முன்பே அணுகுண்டு வெடித்திருந்த அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தை மட்டும் அது அணு ஆயுத நாடுகளாக ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் சேரும் மற்ற நாடுகள் குண்டு செய்ய மாட்டோம், யாரிடமும் வாங்க மாட்டோம் என்று உறுதி தர வேண்டும். அதற்கு ஈடாக அவர்களுக்கு இரண்டு கிடைக்கும். மின்சாரம், மருத்துவம் போன்ற வேலைகளுக்கு அணுசக்தியைப் பயன்படுத்தும் உரிமை ஒன்று. ஆயுதங்களை ஒழிக்க நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்ற வாக்குறுதி இன்னொன்று. இது ஆறாவது பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு தேதியை வைத்து உலகத்தை இரண்டாகப் பிரித்த ஏற்பாடு. இது பாரபட்சம் என்று சொல்லித்தான் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. பாகிஸ்தானும் இஸ்ரேலும் போடவில்லை. அப்படியிருந்தும் ஏறத்தாழ 190 நாடுகள் ஏன் சேர்ந்தன? பல நாடுகளுக்குப் பக்கத்து நாட்டின் மேல்தான் பயம். அவன் செய்ய மாட்டான் என்று உறுதியாகத் தெரிந்தால் நானும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவன் செய்யவில்லை என்பதை யார் பார்த்துச் சொல்வது?

அதற்குத்தான் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமை இருக்கிறது. 1957-ல் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் செய்வதை ரேஷன் கடைத் தணிக்கை என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பதிவேட்டில் எழுதியிருக்கும் இருப்பு குடோனில் இருக்கிறதா? வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு? ஒரு நாடு முழுக்கக் குண்டைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, குண்டுக்கான பொருளைக் கணக்கில் வைப்பது நடக்கிற காரியம். புளூட்டோனியமோ, மிகவும் செறிவூட்டிய (யுரேனியம்-235 என்ற வகையின் பங்கைக் கூட்டிய) யுரேனியமோ இல்லாமல் அணுகுண்டு கிடையாது. இரண்டையும் பெரிய ஆலைகள் இல்லாமல் உண்டாக்க முடியாது.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? முகமை அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. மிகவும் செறிவூட்டிய யுரேனியம் என்றால் அதிலுள்ள யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ. அவ்வளவு காணாமல் போனால், அதிலிருந்து ஒரு குண்டு வந்துவிடாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. புளூட்டோனியம் ஈயத்தைவிட அடர்த்தியானது. எட்டுக் கிலோவும் அரை லிட்டர் பாத்திரத்துக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு சிறியதை எப்படிக் காவல் காப்பது? கொள்கலனை மூடிக் கம்பி கோத்து, ஒரு சின்ன உலோக முத்திரையைப் பொருத்துகிறார்கள். முத்திரை மூடியின் உட்புறத்தில் வேண்டுமென்றே கீறல் போட்டு, படமெடுத்து வைத்திருப்பார்கள். அடுத்த முறை போகிற ஆய்வாளர் கம்பியை வெட்டி முத்திரையை வியன்னாவுக்குக் கொண்டுவருவார். அங்கே அதைத் திறந்து, கீறலையும் பழைய படத்தையும் ஒப்பிடுவார்கள். அச்சு அசலாக அதே கீறல்களை வேறொரு மூடியில் போடுவது லேசுப்பட்ட வேலையில்லை. பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளங்களுக்கு வேறொரு கருவி உண்டு. கதிர்வீச்சு தண்ணீரில் எழுப்பும் நீல ஒளியை மேலிருந்து பார்த்து, கீழே கிடப்பது உண்மையான எரிபொருள்தானா என்று சரிபார்க்கலாம்.

இவற்றிலெல்லாம் எளிமையானது ஒரு பருத்தித் துணி. பத்து சென்டிமீட்டர் சதுரம்தான். ஆலையின் சுவரையும் குழாயையும் அதைக் கொண்டு துடைத்து எடுத்துப்போவார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கூட அங்கே என்ன வேலை நடந்தது என்று சொல்லிவிடும். 1992-ல் வடகொரியா, தான் ஒரே ஒரு முறை, ஏறத்தாழ 90 கிராம் புளூட்டோனியம் மட்டுமே பிரித்ததாக அறிவித்தது. ஆலையில் எடுத்த மாதிரிகள் வேறு கதை சொல்லின. புளூட்டோனியத்தின் ஒரு வகை காலப்போக்கில் அமெரிசியமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் எப்போது பிரித்தது என்று தெரிந்துவிடும். பிரித்தது ஒரு முறை இல்லை, பல முறை என்று அம்பலமானது.

கணக்கு பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வளைகுடாப் போருக்குப் பிறகு 1991-ல் இராக்கின் ரகசிய அணு ஆயுதத் திட்டம் வெளிவந்தது. நாடுகள் காட்டிய இடத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. அறிவிக்காத இடங்களுக்கும் போகலாம் என்ற கூடுதல் நெறிமுறை 1997-ல் உருவானது. இன்னொரு ஓட்டை ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவில் இருக்கிறது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தால் எந்த நாடும் வெளியேறலாம். வடகொரியா 2003-ல் வெளியேறுவதாக அறிவித்தது, 2006-ல் குண்டு வெடித்தது.

எதிர்த்திசையில் நடந்த நாடும் உண்டு. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து, தானே கழற்றிப் போட்டுவிட்டு, 1991-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு கிலோவாகக் கணக்கைச் சரிபார்த்தார்கள்.

இப்போது ஈரானைப் பார்ப்போம். 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் அங்கே இருப்பதாக முகமை கணக்கு வைத்திருந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் அங்குள்ள அணு நிலையங்களைத் தாக்கின. ஈரான் முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தியது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த இருப்பை ஆய்வாளர்களால் நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை. ஆலையைக் குண்டு போட்டு இடிக்கலாம். அதோடு கணக்கும் கைவிட்டுப் போய்விடுகிறது.

கணக்குக்குள் இருப்பதையும் வெளியே இருப்பதையும் பிரிக்கும் கோடு நம் ஊரிலும் ஓடுகிறது. 2006-ல் இந்தியா தன் 22 அனல் நியூட்ரான் உலைகளில் (வழக்கமான வகை அணுமின் உலைகளில்) 14-ஐ முகமையின் கண்காணிப்புக்குள் வைக்க ஒப்புக்கொண்டது. கூடங்குளத்தில் ரஷ்யத் துணையோடு எழுந்த முதல் இரண்டு உலைகள் அந்தப் பதினான்கில் அடக்கம். கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையம் அதில் இல்லை. அங்கே கட்டப்பட்ட ஈனுலையும் வெளியேதான். ஒரே மாநிலத்தில் ஓர் இடத்தின் எரிபொருளுக்கு உலகக் கணக்கு உண்டு, இன்னோர் இடத்துக்கு இல்லை.

குறைந்தபட்சக் கணக்கால்கூட நன்மை உண்டு என்பதற்கும் இந்தியாவே சாட்சி. 1988 டிசம்பர் 31-ல் ராஜீவ் காந்தி, பெனாசிர் பூட்டோ காலத்தில், ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரண்டு அரசுகளும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் வந்தது, மும்பைத் தாக்குதல் வந்தது, புல்வாமா வந்தது. பட்டியல் நிற்கவில்லை.

குண்டு இல்லாத நாடுகளிடம் கிராம் சுத்தமாகக் கணக்கு கேட்கும் உலகம், குண்டு வைத்திருப்பவர்களிடம் கேட்பதில்லை என்பதுதான் பெரிய குறை. உலகின் அணுகுண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருக்கிறது. இருவரும் நிலைநிறுத்தும் குண்டுகளை 1,550-க்குள் வைத்து, ஆண்டுக்கு 18 முறைவரை ஒருவர் தளத்துக்கு மற்றவர் ஆளனுப்பிப் பார்க்க 'நியூ ஸ்டார்ட்' ஒப்பந்தம் இடம் தந்தது. கொரோனா காலத்தில், 2020-ல் நின்ற அந்த ஆய்வு திரும்பத் தொடங்கவே இல்லை. ஒப்பந்தத்தின் ஆயுளும் 2026 பிப்ரவரி 5-ஓடு முடிந்தது.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவின்படி பேச்சு நடத்தினால் மட்டும் போதாது, அதை முடித்தும் காட்ட வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 1996-ல் கருத்துச் சொன்னது. முந்தைய ஆண்டு இந்த ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டித்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையின் ஜயந்த தனபால. ஆயுதக் குறைப்பு வாக்குறுதியை நம்பித்தான் குண்டில்லாத நாடுகள் அன்று தலையசைத்தன. அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை. அதற்காகக் கணக்கு கேட்பதையே கைவிட்டுவிடக் கூடாது. ஒப்பந்தம் ஏற்ற ஐந்தும், இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வடகொரியாவும் சேர்ந்த ஒன்பது அணு ஆயுத நாடுகளின் ராணுவக் கிடங்குகளில் இருக்கும் புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் அதே பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் நாட்டின் கிடங்குக்கும் அது பொருந்தும். எட்டுக் கிலோ காணாமல் போனால் ஆபத்து என்றால், அது யாருடைய கிடங்கிலிருந்து போனாலும் ஆபத்துதான்.