வேலையில்லாத ஓராண்டும் ஒரு ஜோடிக் கையுறையும்

2014-ஆம் ஆண்டு. பிரான்சின் வடக்குக் கடற்கரையில் இருக்கும் நகரம் ஷெர்பூர். அந்த நகரின் காற்பந்துக் குழுவோடு கோல்காவலர் எடுவார் மெண்டிக்கு இருந்த ஒப்பந்தம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 22.

இங்கிலாந்தில் ஓர் இடம் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று முகவர் நம்பிக்கை கொடுத்திருந்தார். கோடைக்காலம் கடந்தது. குழுக்கள் எல்லாம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து முடித்துவிட்டன. ஆனால் முகவரிடமிருந்து பதிலே இல்லை.

மெண்டி வேலை இல்லாதவர்களுக்கான அரசாங்க அலுவலகத்தில் பெயரைப் பதிந்தார். வீட்டில் முதல் குழந்தை பிறக்கவிருந்த நேரம். காற்பந்தை விட்டுவிட்டு வேறு வேலை தேடலாமா என்றும் யோசித்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படி ஓராண்டு ஓடியது.

கோல்காவலரின் பிழைப்பே கொஞ்சம் விசித்திரமானது. ஒரு குழுவில் தாக்குதல் ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்கு இடம் இருக்கும், நால்வருக்கும் இருக்கலாம். கோல் கம்பத்துக்கு நடுவே ஒருவர்தான் நிற்க முடியும். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம் கொண்ட அந்த இடம் கிடைக்கும்வரை மற்றவர்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான்.

மெண்டி பிறந்தது லெ ஹாவ்ர் நகரை ஒட்டிய மொந்திவில்லியேயில். அம்மா செனகல் நாட்டைச் சேர்ந்தவர், அப்பா கினி-பிசாவைச் சேர்ந்தவர். வேலை இல்லாத அந்த ஓராண்டில், இளம் வயதில் ஆடிய லெ ஹாவ்ர் குழுவின் ரிசர்வ் ஆட்டக்காரர்களோடு அவர் பயிற்சியைத் தொடர்ந்தார். ஒப்பந்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. கையுறை மட்டும் காயவில்லை.

2015-இல் மார்செய் குழு அழைத்தது. அதுவும் நான்காவது கோல்காவலராக. முதல் குழுவில் ஆடும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. இருந்தாலும் போனார். நாளுக்கு நாள் பெரிய ஆட்டக்காரர்களின் பந்தைத் தடுத்துப் பழகலாம் அல்லவா?

மறு ஆண்டு இரண்டாம் நிலை லீக்கில் இருந்த ரெய்ம்ஸ் குழுவில் சேர்ந்தார். பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முதன்மைக் கோல்காவலருக்குச் சிவப்பு அட்டை. பெஞ்சில் இருந்த மெண்டி ஓடி வந்து கம்பத்துக்கு நடுவே நின்றார். அடுத்த பருவத்தில் அந்த இடமே அவருடையது ஆனது. 2018-இல் ரெய்ம்ஸ் முதல் நிலை லீக்குக்கு உயர்ந்தது. 2019-இல் ரென் குழு அவரை வாங்கியது.

அங்கிருந்து இங்கிலாந்து. செல்சி குழு 2018-இல் ஸ்பெயினின் கெப்பாவை 71.6 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியிருந்தது. ஒரு கோல்காவலருக்கு உலகிலேயே யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஆனால் அவர் தடுமாறினார். அப்போது செல்சியில் ஆலோசகராக இருந்தவர் பீட்டர் செக். அவரே 2004-இல் ரென் குழுவிலிருந்து செல்சிக்கு வந்து புகழ்பெற்ற கோல்காவலர். 2020 செப்டம்பரில் மெண்டியும் அதே வழியில் லண்டனுக்கு வந்தார்.

முதல் பருவத்திலேயே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். மெண்டி ஆடிய 12 ஆட்டங்களில் 9-இல் எதிரணியால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. 2021 மே 29, போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று கிண்ணம் கைக்கு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த கோல்காவலர் என்று ஃபிஃபா அவரைத் தேர்ந்தெடுத்தது. 2022 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கிண்ண இறுதியாட்டம். எகிப்துக்கு எதிரான பினால்டி மோதலில் அவர் ஒரு பந்தைத் தடுக்க, செனகல் முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருக்கும். வாழ்க்கை அப்படி விடுமா? 2022 ஆகஸ்ட்டில் லீட்ஸ் குழுவுக்கு எதிராகப் பந்தைக் காலில் வைத்துத் தாமதித்தார். எதிரணிக்காரர் பறித்துக் கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் அவருடைய இடம் மறுபடியும் கெப்பாவிடமே போனது. 2023-இல் சவூதி அரேபியாவின் அல்-அஹ்லி குழுவுக்கு மாறினார். பணத்துக்காகப் போகிறார், இனி அவ்வளவுதான் என்று பேசியவர்கள் உண்டு. 2025 மே மாதம், ஜோகூர் டாருல் தக்சிம் குழுவும் களம் கண்ட ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலீட் போட்டியில், ஜப்பானின் கவாசாக்கி ஃபுரொந்தாலேயை 2-0 என வீழ்த்தி அல்-அஹ்லி வாகை சூடியது. கோல் கம்பத்தைக் காத்தவர் மெண்டி.

வேலை தேடும் எல்லாரும் மெண்டி ஆகிவிட மாட்டார்கள். பயிற்சியை விடாதவர்களிலும் பலருக்கு அந்தச் சிவப்பு அட்டை நிமிடம் வருவதே இல்லை. ஆனால் அது வந்த அன்று அவரால் ஓடிப்போய் நிற்க முடிந்ததற்கு, சம்பளம் இல்லாத நாட்களிலும் திடலுக்குப் போனதுதான் காரணம். படித்து முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் விருந்தாளிகள் முன்னால் "இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாம். "இந்த வாரம் புதுசா என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அந்தப் பிள்ளையிடம் ஏதாவது இருக்கும்.