வலக்கையில் ஒரு நூல், இடக்கையில் ஒரு நூல்

வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி ஈரம் குறைந்தே கெடாவுக்கு வந்து சேர்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே வெயிலும் காற்றும் ஒன்றாகக் கிடைப்பது அதனால்தான். அறுவடை முடிந்த வயல்களில் வாவ் எனும் மலாய்ப் பட்டத்தை ஏற்ற உகந்த காலம். மூங்கில் சட்டமும் ஒற்றை நூலும் கொண்ட வாவின் தலையில் ஒரு வில் கட்டியிருப்பார்கள். அதன் நாண் காற்றில் அதிர்ந்து முரலும். யாழ்ப்பாணத்து விண் பட்டத்துக்கு இது நெருங்கிய சொந்தம்.

ஒற்றை நூல் பட்டத்தின் திறமையெல்லாம் நிலைத்து நிற்பதில் இருக்கிறது. காற்று ஒருபுறம் தள்ளினால் தானே நிமிர்ந்துகொள்ளும். நூலை ஒரு கட்டையில் கட்டிவிட்டு நிழலில் போய் உட்காரலாம். வித்தை காட்டும் இரு நூல் பட்டம் இந்தக் குணத்தை வேண்டுமென்றே கைவிட்டது. மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பாயும். கை திருப்பாவிட்டால் மண்ணில் குத்தும்.

இதன் முன்னோடி ஒன்று போர்க்கருவி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையினர் சுட்டுப் பழகுவதற்காக பால் கார்பர் உருவாக்கிய பட்டம், எதிரி விமானத்தின் உருவத்தைத் தாங்கி, இரு நூல்களின் பிடியில் வானில் வளைந்து திரிந்தது. 1972இல் இங்கிலாந்தின் பீட்டர் பவல் செய்த பட்டம் அதை விளையாட்டாக்கியது. இன்று கடைகளில் கிடைப்பவை கார்பன் குச்சிகளும் நைலான் துணியும் கொண்ட முக்கோணங்கள்.

குச்சிகளைப் பொருத்துவது சிறுவர் வேலை. உண்மையான வேலை, பட்டத்தை நூலோடு பிணைக்கும் சூத்திரக் கயிற்றிலும் நூலிலும் இருக்கிறது. இடது பாதிக்கு ஒரு சூத்திரம், வலது பாதிக்கு ஒன்று. இரண்டிலும் நூல் மாட்டும் முடிச்சு ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். காற்று மெலிந்திருந்தால் இரு முடிச்சுகளையும் சில மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் ஏற்றலாம். பட்டம் சுலபமாக மேலெழும். கீழே இறக்கினால் இழுப்பு கூடும், திருப்பம் குறுகும்.

நூல்கள் வழக்கமாக 25 முதல் 30 மீட்டர் நீளம். பலர் பட்டத்தைப் பழிக்கும் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். ஒரு நூல் சில சென்டிமீட்டர் குட்டையாக இருந்தாலும், கைகளைச் சமமாகப் பிடித்தபடியே அந்தப் பக்கத்தை ஓயாமல் இழுப்பதற்குச் சமம். பட்டம் அந்தப் பக்கமே வட்டமடிக்கும். இரு நூல்களின் நுனிகளையும் ஒரே முளையில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்து இழுத்துப் பாருங்கள். நீண்டிருக்கும் நூலின் முடிச்சை அவிழ்த்து, தள்ளிப் போட்டால் சரியாகிவிடும். புது நூல் முதல் நாளில் கொஞ்சம் நீளும் என்பதால் இந்தச் சோதனையை மறுபடியும் செய்யவேண்டும்.

அடுத்தது இடம். பீடோங், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் திடல் என்றால் நாலு பக்கமும் ரப்பர் மரம். 20 மீட்டர் உயர மரவரிசையைத் தாண்டிய காற்று, அந்த உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம், அதாவது 200 மீட்டர் வரைகூடச் சுழன்று குழம்பும். திடல் முழுவதும் அந்தக் குழப்பத்துக்குள் அடங்கிவிடும். வாவ் அதற்கு மேலே ஏறித் தப்பும். 30 மீட்டர் நூலில் கட்டுண்ட பட்டத்துக்கு அந்த வழியில்லை. யான் பக்கத்து வெட்டவெளி வயல்களோ, பிற்பகலில் கடற்காற்று சீராக வீசும் பந்தாய் மெர்டேக்காவோ மேல். மின்கம்பி தெரிகிற இடமும் அலோர் ஸ்டார் விமான நிலையச் சுற்றுப்புறமும் வேண்டவே வேண்டாம்.

காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பட்டத்தைச் சற்றே பின்சாய்த்து நிறுத்தி, இரண்டடி பின்வைத்து இரு கைகளையும் ஒன்றாக இழுத்தால் ஏறிவிடும். இடக்கையை இழுத்தால் இடதுபுறம் திரும்பும். உங்களுக்கு நேர் எதிரே இழுப்பு உச்சம். பக்கவாட்டில் ஓரத்துக்குப் போகப் போகத் தளரும். தரையிறக்க உகந்த இடம் அந்த ஓரமே. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதை மறக்கக்கூடாது. பட்டம் தன் ஓட்டத்தாலேயே தன்மேல் படும் காற்றைக் கூட்டிக்கொள்ளும். மெல்லிய காற்றிலும் தோள் வலிக்கும் ரகசியம் அதுதான்.

நாலு குட்டிக்கரணம் போட்டதும் நூல்கள் முறுக்கிக்கொள்ளும். பதற வேண்டாம். இந்தப் பட்டத்தின் பாலிஎத்திலீன் நூல் அவ்வளவு வழுக்கல். முறுக்கியபடியே சொன்னதைக் கேட்கும், எதிர்ப்பக்கம் சுழற்றினால் பிரிந்துவிடும். ஆனால் அதே நூல் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். வேறு பட்டத்தின் பருத்தி நூல் வேகமாக உரசினாலே அந்தச் சூடு வந்து அறுந்துபோகும். பக்கத்தில் யாராவது பட்டம் ஏற்றியிருந்தால், உங்கள் நூலின் நீளத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி நில்லுங்கள்.