சிபாரிசுக்கு விலை கேட்டால் நில்லுங்கள்

"அண்ணா, உங்க கம்பெனில வேலை இருந்தா சொல்லுங்க." வேலை தேடும் தம்பி தங்கைகள் எனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் இந்த ஒரு வரிதான், கூடவே ரெஸ்யூம். உதவ மனம் இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவரைப் பற்றி மேனேஜரிடம் என்னவென்று சொல்வது?

ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். "நீங்கள் டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறியவர் என்று கேள்விப்பட்டேன். முதலில் எதைப் படித்தீர்கள்? பத்து நிமிடம் பேசலாமா?" பேசினோம். சொன்னதைச் செய்துபார்த்து, மூன்று வாரம் கழித்து எங்கே சிக்கியது என்று எழுதினார். இன்று எங்கள் டீமில் இடம் காலியானால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகவே புதிய வேலைச் செய்திகள் அதிகம் வருகின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் அல்லவா? கல்லூரி சீனியர், இன்டர்ன்ஷிப்பில் கூட இருந்தவர், பழைய ஆபீஸ் சகா: இவர்களிடம் தொடர்பு விடாதீர்கள்.

சிபாரிசு வேண்டும் என்ற இந்தத் தேவையைத்தான் மோசடிக்காரர்கள் காசாக்குகிறார்கள். "பேக்டோர்ல போட்டுத் தர்றேன், ஹெச்.ஆர். நம்ம ஆளு" என்பார்கள். முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து லேப்டாப் டெபாசிட், கடைசியில் போலி ஆஃபர் லெட்டர். உங்கள் திறமையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஜிபே எண் அனுப்புகிறவர் உங்களுக்காக யாரிடம் என்ன பேசுவார்? அவர் போலி அனுபவச் சான்றிதழ் தந்து, அது சரிபார்ப்பில் பிடிபட்டால், வேலை போவது உங்களுக்குத்தான்.

வெளிநாட்டு வேலை என்றால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது கேளுங்கள், பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்.

ஏமாற்றிப் பணம் பறிப்பது, நாம் '420' என்று சொல்லிவந்த குற்றம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு; ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

அப்பா திட்டுவாரே என்று பயந்து நாள் கடத்தாதீர்கள். ஆன்லைனில் பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். மோசடிக்காரர் எடுப்பதற்குள் வங்கி அதை முடக்கிவிட்டால், திரும்பக் கிடைக்க வழி உண்டு.