வீட்டில் கழற்றிப் பூட்டிய பின் கியர் விழவில்லையா?

மீளக் குடியேறிய பல குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் தொழில். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோகாமல் விட்ட வண்டியாக இருக்கலாம், பிறகு கடனுக்கு எடுத்ததாக இருக்கலாம். மருதமுனையில் நெய்த சாரத்தைக் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போவதும், சாய்ந்தமருதுக் கரையில் வாங்கிய மீனைச் சம்மாந்துறைப் பக்கம் கொண்டுபோய் விற்பதும் அதில்தான். கரையோர வளவை விட்டு உள்ளே வீடு கிடைத்தவர்களுக்குக் கடலுக்குப் போய்வரவும் அதுவே வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

இதனால் ஒயில் மாற்றுவது, கேபிள் போடுவது, செயின் இறுக்குவது போன்ற வேலைகளைப் பலர் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லாம் பூட்டி முடித்துக் கிக்கரை உதைத்தால் எஞ்சின் ஓடுகிறது, கியர் மட்டும் விழ மறுக்கிறது. பக்கத்தில் நிற்பவர் "கியர் பொக்ஸ் போய்விட்டது" என்பார். அதை நம்பி எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்க முன்னர் சற்றுப் பொறுங்கள். நேற்று வரை ஒழுங்காக விழுந்த கியர் இன்று விழவில்லை என்றால், பழுது பெரும்பாலும் நீங்கள் கடைசியாகக் கை வைத்த இடத்தில்தான் இருக்கும். அந்த இடம் அநேகமாக எஞ்சினுக்கு வெளியே இருக்கும்.

முதலில் ஒரு சோதனை. சாவியை எடுத்துவிடுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சில்லு நிலத்தில் படாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் சில்லை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தபடி, மறு கையால் கியர் லீவரை அழுத்துங்கள். விரல்களைச் செயினுக்கும் கம்பிகளுக்கும் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். இப்படி எல்லாக் கியரும் ஒவ்வொன்றாக விழுந்தால் கியர் பொக்ஸில் பெரிய பழுது எதுவும் இருக்காது. சில்லை அசைப்பதை மறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கியர்ப் பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். சும்மா நிற்கும் வண்டியில் லீவரை அழுத்திப் பார்த்து "விழவில்லை" என்று பயந்துபோய் கராஜுக்கு ஓடுபவர்கள் பலர்.

எஞ்சினை நிறுத்திய நிலையில் கியர் விழுகிறது, ஓடும்போது மட்டும் "கறக்" என்று சத்தம் போட்டு மறுக்கிறது, நியூட்ரலும் அகப்படுவதில்லை என்றால் கிளச் முழுதாக விடுபடவில்லை. கேபிளைக் கழற்றிப் போட்டவர்களுக்கு மிக அதிகமாக வரும் தொல்லை இது. கிளச் லீவரின் நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கேபிள் இறுகத் தொடங்கும் வரை நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் தளர்வாக அசைய வேண்டும். அதைவிடக் கூடினால் கிளச் விடுபடாது, கியர் விழாது. தளர்வே இல்லாவிட்டால் கிளச் வழுக்கும்: எஞ்சின் இரையும், வண்டி ஓடாது, சுமை ஏற்றினால் கருகிய மணம் வரும். லீவருக்குப் பக்கத்தில் உள்ள மறையை உள்ளே திருகினால் தளர்வு கூடும், வெளியே எடுத்தால் குறையும். அது போதாவிட்டால் எஞ்சின் பக்கத்து நட்டில் சரிசெய்யுங்கள். பிறகு ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது தளர்வு மறைந்துவிட்டால், கேபிள் போன வழி பிழை. உப்புக் காற்றில் கேபிளின் உட்கம்பி விரைவில் துருப்பிடிக்கும். கம்பி இழை ஒன்றாவது அறுந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். கேபிளின் விலை பெரிதல்ல.

ஹொண்டா சி 90 போன்ற, கிளச் லீவரே இல்லாத வண்டிகளில் கியர் லீவரை மிதிக்கும்போது கிளச் தானாக விடுபடும். அதைச் சரிசெய்யும் திருகாணி எஞ்சினின் வலப்பக்க மூடியில் ஒரு நட்டுடன் இருக்கிறது. நட்டைத் தளர்த்தி, திருகாணியை வலப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு லேசாகத் தடை தெரியும் வரை இடப்பக்கம் சுற்றுங்கள். அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று மீண்டும் வலப்பக்கம். திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

கியர் லீவரைக் கழற்றியவர்கள் அது பூட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். லீவர் ஏறும் தண்டில் சிறு பற்கள் உண்டு. ஒரு பல் மேலே அல்லது கீழே பூட்டினாலும் லீவர் கால்மிதியிலோ எஞ்சின் மூடியிலோ முட்டிக்கொள்ளும். கியர் பாதி தூரம் போய் நிற்கும். போல்டை முழுதாகக் கழற்றி, லீவரை இழுத்தெடுத்து, பழைய நிலையில் மாட்டுங்கள். போல்டைத் தளர விட்டு ஓடினால் பற்கள் தேய்ந்து லீவர் சும்மா சுற்றும். வண்டி ஒருமுறை விழுந்திருந்தால் லீவர் வளைந்து முட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ஒயில் மாற்றிய பின் தொல்லை தொடங்கினால் போத்தலைத் திரும்ப எடுத்து வாசியுங்கள். இந்தச் சிறு வண்டிகளில் எஞ்சின், கிளச், கியர் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. காருக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது கிளச் தட்டுகளை வழுக்கச் செய்யும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளுக்கு என்று எழுதியதை, ஜாசோ எம்ஏ அடையாளம் உள்ளதை வாங்குங்கள். பெற்றோலில் கலக்கும் டூ-டி ஒயிலை இதற்குள் ஊற்றவே கூடாது. 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே போதும். போத்தலில் மிச்சம் இருக்கிறதே என்று முழுவதையும் ஊற்ற வேண்டாம்.

பஞ்சர் ஒட்டிச் சில்லைத் திரும்பப் பூட்டியவர்கள் செயினை நடுவில் அமர்த்திப் பாருங்கள். மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆட வேண்டும். கம்பி போல் இறுகிய செயினால் கியர் கடினமாகும், பெயரிங்கும் போகும்.

முகாமில் அல்லது உறவினர் வீட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். எஞ்சினை நியூட்ரலில் ஐந்து நிமிடம் சூடேற்றி நிறுத்துங்கள். கியரைப் போட்டு, கிளச்சை முழுதாக இழுத்துப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பல வண்டிகளில் சற்று நேரத்தில் விட்டுவிடும்.

கடல் நீரில் மூழ்கிய வண்டியின் கதை வேறு. அதை உதைத்துப் பார்க்க வேண்டாம். முதலில் ஒயிலை இறக்குங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உப்பு நீர் நின்ற எஞ்சினில் பெயரிங் துருப்பிடித்திருக்கும். அதை மெக்கானிக் திறந்து பார்த்தே தீர வேண்டும். சில்லை அசைத்தும் ஒரு கியர் விழாவிட்டாலும், ஓடும்போது கியர் தானாகக் கழன்றாலும், இறக்கிய ஒயிலில் இரும்புத் துண்டு கண்டாலும், வலப்பக்க மூடியை நீங்களே கழற்றிப் பூட்டியிருந்தாலும் அப்படித்தான். கராஜில் வெட்கப்படாமல் என்னென்ன கழற்றினீர்கள் என்று சொல்லுங்கள். மறைத்தால் மெக்கானிக் தேடும் நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இறக்கிய பழைய ஒயிலை வளவில் ஊற்றாதீர்கள். நமது கரையோர மணலில் கிணறுகள் ஆழமில்லை, கடல் நீர் புகுந்த கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்யப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மூடியுள்ள கான் ஒன்றில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.